ஈசான மூலையில் இரண்டரை அடி

முரசுமோட்டை
05.01.1962

அன்புள்ள அண்ணா,

நேற்றுக் காலை வவுனியா ஆஸ்பத்திரியில் ஜமால்தீன் மேசனாரின் வலக் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வாட்டு நேர்ஸ் மிஸ்ஸி சொன்னதாக அவருடைய மனைவி சபூறா பஸ்காரரிடம் சொல்லிவிட்ட செய்தி இது. இன்று பின்னேரம் எனக்குக் கிடைத்தது. சுகம் விசாரிக்க முன்னரே இதை எழுதியதற்குக் குறை நினைக்கவேண்டாம். நீங்களும் கமலாசனி மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் இவர் ஒரு மாதமாகச் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிப் போகிறார்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். எங்கள் கூட்டுறவுச் சங்கம் நெற்களஞ்சியம் கட்டுவதாக முன்னர் எழுதியிருந்தேன். போன வருடம் தையில் அத்திவாரம், ஆடியில் திறப்பு. கார்த்திகை மழையில் ஈசான மூலைச் சுவர், அதுதான் வடகிழக்குப் பக்கம், கீழிருந்து மேலாக வெடித்தது. கொந்தராத்துக்காரர் ஜமால்தீனைக் கூப்பிட்டுப் பூசிவிடச் சொன்னார். ஜமால்தீன் முல்லைத்தீவு ஆள். சுவர்கள் கட்டியது அவர். அத்திவாரம் போட்டவர்கள் வேறு ஆட்கள். அப்போது அவர் இந்தப் பக்கமே வரவில்லை. வெடிப்பைப் பார்த்துவிட்டு, "முதலாளி, இது பூசுற வெடிப்பில்லை, இறங்கிற வெடிப்பு" என்று அவர் சொன்னதைச் சங்கக் கடையில் நின்ற நாலு பேர் கேட்டார்கள். "நீ பூசு, நான் பாக்கிறன்" என்றாராம் முதலாளி. டிசம்பர் 9ஆம் திகதி பத்து மணியளவில் பூசிக்கொண்டு நின்றபோது சுவர் அவர் மேல் விழுந்தது. கையைக் காப்பாற்ற இருபத்தாறு நாள் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காப்புறுதிக் கொம்பனி ஆள் ஒருவர் காரில் வந்து, விழுந்த சுவரின் கலவையில் ஒரு பை அள்ளிக்கொண்டு போனார். மேசன் சீமெந்தைக் குறைத்திருக்கிறான் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னாராம். கொம்பனியின் பெயரை வேறு துண்டில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன்.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். அந்த மூலையில் அத்திவாரம் இரண்டரை அடிதான். நாலடி இருக்கவேண்டும். கறுப்புக் களிமண், தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. குறித்த சுபநேரம் ஏழு இருபதோடு முடிகிறது என்று அப்படியே கல்லை வைத்துவிட்டார்கள். ஓவசியர் என்ற முறையில் அளந்து பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டியவர் இவர். சைக்கிள் காற்றுப் போய் இவர் வந்து சேர எட்டு மணி. கல்லைக் கிளப்ப ஒருவரும் சம்மதிக்கவில்லை. நாலு மூலையும் நாலடி, என் முன்னால் அளந்தது என்று இவர் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

கட்டடம் விழுந்த வழக்கு, காப்புறுதி வழக்கு, எஞ்சினியர் டாக்குத்தர்மாரின் கவனக்குறைவு வழக்கு என்றால் கொழும்பில் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள் என்று போன முறை நான் வந்தபோது உங்கள் கிளாக்கர் ஏரம்பு பெருமைப்பட்டார். ஜமால்தீனுக்கு என்ன வழி? இவருக்கு என்ன வழி? சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
நேசமலர்

*

வெள்ளவத்தை
14.01.1962

அன்புள்ள மலர்,

உனக்கும் மைத்துனர் யோகநாதனுக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்து. கமலாசனிக்கு இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. எனக்குச் சுகம்.

உன் கடிதம் எட்டாம் திகதி கிடைத்தது. முழுவதும் வாசித்தேன்.

களஞ்சிய விஷயமாக இனி எனக்கு ஒரு வரியும் எழுதாதே. மைத்துனரும் எழுதக் கூடாது. வாயாலும் ஒருவரிடமும் சொல்லியனுப்பவேண்டாம். காரணம் கேட்காதே. அந்த மேசன் தனக்கென்று ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பது நல்லது. வவுனியாவில் மஹ்றூப் என்ற பிரக்கிராசி இருக்கிறார், நேர்மையானவர் என்று கேள்வி. என் பெயரைச் சொல்லவேண்டியதில்லை.

உனக்கு இரண்டு சேலையும் மைத்துனருக்கு வேட்டியும் பார்சலில் வருகின்றன.

அன்புள்ள அண்ணன்,
க. கதிர்காமநாதன்

*

முரசுமோட்டை
09.02.1962

அன்புள்ள அண்ணா,

பார்சல் கிடைத்தது. நன்றி. மச்சாளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

களஞ்சியத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்றீர்கள், எழுதவில்லை. மனிசரைப் பற்றி எழுதலாம்தானே. ஜமால்தீன் மேசனார் ஆஸ்பத்திரியால் வந்து, வவுனியாவில் சபூறாவின் தமக்கை வீட்டில் இருக்கிறார். போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். முற்றத்தில் கதிரை போட்டு, மடியில் கோப்பையை வைத்து, இடக் கையால் சோற்றைக் குழைத்துப் பழகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையைத் துண்டால் மூடினார்.

"இடக் கையால தின்னுறதை அல்லாஹ் மன்னிப்பான் டீச்சர். என்ர மாமிதான் மன்னிக்க மாட்டா. மற்றப் பக்கம் திரும்பி இருக்கிறா" என்று சிரித்தார். கிழவி உண்மையாகவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

சபூறா சிரிக்கவில்லை. "உங்கட அண்ணர் கொழும்பில பெரிய ஆளெண்டு வாட்டில வச்சுச் சொன்னியள். கேட்டு எழுதுறன் எண்டும் சொன்னியள்" என்றா.

"அவருக்கு வேலை கூட" என்றேன்.

"கூடத்தான் இருக்கும். பெரிய ஆக்களுக்கு எங்கட ஆளின்ர கை எந்தப் பக்கம் போனதெண்டும் தெரியாதிருக்கும்" என்றா. ஜமால்தீன், "விடு, அவ தேத்தண்ணி குடிக்கட்டும்" என்று அதட்டினார். நான் குடிக்காமலே வந்துவிட்டேன்.

மஹ்றூப் வழக்கை எடுத்திருக்கிறார். கொந்தராத்துக்காரர் மேல் வழக்கு. அவருக்காகக் கொம்பனி நடத்தும். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபடிதான்.

இங்கே அரிவு வெட்டுத் தொடங்கிவிட்டது. களஞ்சியம் இல்லாததால் நெல்லைப் பள்ளிக்கூட மண்டபத்தில் அடுக்குகிறார்கள். மூன்றாம் வகுப்பு மரத்துக்குக் கீழே நடக்கிறது.

நேசமலர்

*

முரசுமோட்டை
26.03.1962

அண்ணா,

வழக்குக்குக் கொம்பனி கொடுத்த மறுமொழி போன வியாழக்கிழமை வவுனியாக் கோட்டில் பதியப்பட்டது. பிரதியை மஹ்றூபின் கந்தோரில் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் சுகம் கேட்க மனம் முந்தவில்லை. நீங்கள் சுகமாகவே இருப்பீர்கள்.

எல்லாம் இங்கிலீசில் இருந்தது. ஜமால்தீனுக்கும் சபூறாவுக்கும் விளங்கட்டும் என்று மஹ்றூப் ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொன்னார். ஏழாம் பந்தி இப்படி: சுவர் விழுந்ததற்குக் காரணம் வழக்காளியின் சொந்தத் திறமைக் குறைவும் கவனமின்மையும் ஆகும், அத்திவாரம் நாலு மூலையிலும் நாலடி என்பதற்கு ஓவசியரின் அத்தாட்சி உண்டு.

ஜமால்தீன், "இருவத்தாறு வருசமாக் கட்டின சுவரெல்லாம் முல்லைத்தீவிலயிருந்து மாங்குளம் வரைக்கும் நிக்குது. அதுகளை ஒருக்கால் விசாரிக்கச் சொல்லுங்கோ" என்றார். சபூறா என்னைப் பார்த்தா. ஓவசியர் என்றால் என் மனிசன் என்பது அவவுக்குத் தெரியும்.

மஹ்றூப் கடதாசியை மேசையில் வைத்தபோது கடைசிப் பக்கம் என் பக்கமாக இருந்தது. மறுமொழியை வரைந்த அப்புக்காத்துவின் பெயர் அடியில் அடித்திருந்தது. அதை மஹ்றூப் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன்.

அது நீங்களா, அண்ணா?

நான் ஜனவரியில் எழுதிய கடிதம் இப்போது எந்த மேசையில் இருக்கிறது? அதை யார் யார் பார்த்தார்கள்? இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஜமால்தீனிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

நேசமலர்

*

வெள்ளவத்தை
02.04.1962

அன்புள்ள மலர்,

ஓம், நான்தான்.

திகதிப்படி எழுதுகிறேன். அந்தக் கொம்பனியின் கட்டட வழக்குகள் பதினொரு வருடமாக என்னிடமே வருகின்றன. இந்த வழக்கின் கட்டு டிசம்பர் 30ஆம் திகதி வந்தது. அதில் ஓவசியரின் பெயர் வை. யோகநாதன் என்று இருந்தது. அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்து மேலே வாசித்தேன். எந்த ஊர் என்று பார்த்திருக்கவேண்டும். ஜனவரி 2ஆம் திகதி, வழக்குப் போட முன்னரே, பத்திரங்களை நம்பி, மறுமொழிக்கு வரைவு எழுதினேன். ஏழாம் பந்தி என் சொற்கள். எட்டாம் திகதி உன் கடிதம் வந்தது.

ஒரு பக்கத்துக்காக அமர்த்தப்பட்டவன் மற்றப் பக்கத்தாரின் இரகசியத்தை அறிந்துவிட்டால், அன்றைக்கே கட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இது முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விதி. நான் கொடுக்கவில்லை. உனக்கு வாயை மூடு என்று எழுதினேன், நானும் மூடிக்கொண்டிருந்தேன். வழக்கு எப்படியும் சமாதானத்தில் முடியும், ஒருவருக்கும் கேடு வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் வரைவு ஒரு எழுத்தும் மாறாமல் மார்ச்சில் பதியப்பட்டது.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டார்கள். சொல்ல முடியாது என்றேன்.

நீ ஜனவரியில் எழுதிய கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. பிரதி எடுக்கவில்லை. ஏரம்புவுக்கும் தெரியாது. உறையை உடைத்தது என் பேனாக்கத்தி.

கமலாசனி உன்னைச் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னா.

அண்ணன்

*

கொழும்பு 12
11.06.1962

மதிப்புக்குரிய நேசமலர் அம்மா அவர்களுக்கு, கிளாக்கர் ஏரம்பு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் ஓவசியர் ஐயாவும் நலமாக இருக்க நல்லூரானைப் பிரார்த்திக்கிறேன்.

இக்கடிதம் ஐயாவுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது. தாங்கள் சித்திரையிலிருந்து கடிதம் போடவில்லை என்பது தபாலைத் தரம்பிரிக்கிறவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். தபால் வந்தால் ஐயா முதலில் தங்கள் பக்கத்துக் கிளிநொச்சி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றதும் மிச்சத்தை என்னிடமே தள்ளிவிடுகிறார்.

இருபத்திரண்டு வருடம் இந்த ஐயாவிடம் நிற்கிறேன். பங்குனியில் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பினார். ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த கிழமை அந்தக் கொம்பனி தன்னுடைய பத்தொன்பது கட்டுகளையும் எடுப்பித்தது. பியோன் இரண்டு தரம் ஏறி இறங்கினான். பிறகு வேறொரு கொம்பனியும் எடுத்தது. காரணம் சொல்லாமல் கட்டைத் திருப்புகிற அப்புக்காத்துவை நம்பலாமோ என்று கதைக்கிறார்களாம். அலுமாரியில் மேல் இரண்டு தட்டும் வெறுமை. அந்தத் தட்டில் நான் இப்போது குடை வைக்கிறேன். ஐயா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். முந்தி என்றால் குடையோடு என்னையும் வெளியே வைத்திருப்பார்.

தாங்கள் இரண்டு வரி எழுதினால் நல்லது. என்ன எழுதவேண்டும் என்று சொல்லுகிற தகுதி எனக்கில்லை.

பணிவுள்ள,
சி. ஏரம்பு

*

முரசுமோட்டை
20.11.1962

அன்புள்ள அண்ணா,

இன்று காலை பத்தரைக்கு வவுனியாக் கோட்டிலிருந்து இவருக்கு அழைப்பாணை வந்தது. கோட்டுப் பிஸ்கால் ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார். வழக்கு 1963 பெப்ரவரி 14. இவர் கொம்பனியின் சாட்சி. அத்திவாரம் நாலடி என்ற தன் அத்தாட்சியைத் தானே வந்து உறுதிப்படுத்தவேண்டும்.

ஏழு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். உங்களுக்குச் சுகமா? மச்சாளுக்கு எப்படி? நீங்கள் திருப்பியனுப்பிய கடிதத்தை அடுப்பில் போட எடுத்தேன். எரிக்க முன்னர் வாசித்தேன். அதில் ஒரு வரி முழுமையில்லை. அதனால் எரிக்கவில்லை.

கல்லைக் கிளப்ப ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். நடந்தது இதுதான். அன்று விளக்கேற்றியது நான். பள்ளிக்கூட டீச்சர் ஏற்றட்டும் என்று சங்கத் தலைவர் கேட்டார். நேரம் முடியப் போகிறது, மூலையில் தண்ணீர் வாளியால் இறைக்க இறைக்க ஊறுகிறது. "கிடங்கைப் பிறகும் வெட்டலாம், நேரத்தைப் பிறகு வெட்டேலுமோ? மாசி முடியும் மட்டும் வேற நாளில்லை" என்றார் தலைவர். கொந்தராத்துக்காரர் தலையாட்டினார். கல்லை இறக்கிக் கருங்கல் நிரப்பித் தேங்காய் உடைத்தார்கள்.

இவர் வேர்க்க வேர்க்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் திறந்து கிடந்த கிடங்குக்குள் தடியை விட்டுப் பார்த்துவிட்டு, "கிளப்புங்கோ, இன்னும் ஒண்டரை அடி வெட்டவேணும்" என்றார். ஒருவரும் அசையவில்லை. தலைவர், "தம்பி, பூசை முடிஞ்ச கல்லு. ஓவசியர் எண்டு கொஞ்சம் கூடக் கதைக்கிறாய்" என்றார். அப்போதும் இவர் பின்வாங்கவில்லை. "நானே கிளப்புறன்" என்று சாரத்தை மடித்துக் கட்டினார்.

நான் போய்க் கையைப் பிடித்தேன். "வைச்ச கல்லைக் கிளப்பினால் இந்தக் குடியேற்றத்தில ஆர் எங்கட படலையைத் திறப்பினம்? நாளைக்கு ஒரு வீட்டில ஏதும் நடந்தால் உங்களைத்தான் சொல்லுவினம். விடுங்கோ" என்றேன். இவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரத்தை இறக்கிவிட்டார்.

உங்களுக்கு எழுதும்போது இதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று உங்களுக்குத் தெரியாமல் இராது.

அழைப்பாணை வந்ததிலிருந்து இவர், "நான் எழுதினது எழுதினதுதான். அதையே சொல்லிப்போட்டு வாறன். பதினெட்டு வருச வேலை" என்கிறார். அரை மணித்தியாலம் கழித்து, "எப்படிச் சொல்லுறது?" என்று தானே கேட்கிறார். உண்மையைச் சொல்லுங்கோ என்று நான் சொன்னால், அன்றைக்குக் கல்லை விடச் சொன்னவளும் நீதானே என்று கேட்கமாட்டார். அப்படிப்பட்ட மனிசன் இல்லை. அதனால்தான் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் இப்போது கொம்பனியின் ஆள் இல்லை. இவர் என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள்.

தங்கை,
நேசமலர்

*

வெள்ளவத்தை
28.11.1962

அன்புள்ள மலர்,

உன் எழுத்தைத் தபாலில் கண்டது எனக்குப் பெரிய ஆறுதல். நாங்கள் இருவரும் சுகம். கமலாசனி உப்பைக் குறைத்துவிட்டா, எனக்கும் சேர்த்து.

நீ கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியாது. இந்த முறை காரணத்தைச் சொல்கிறேன். கட்டைத் திருப்பிக் கொடுத்தாலும், அதற்குள் வாசித்தது என் தலைக்குள் இருக்கிறது. கொம்பனி என்னை நம்பிக் காட்டியது. மைத்துனருக்கு இப்படிச் சொல்லுங்கள், அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் எழுதினால், அவர்களுடைய இரகசியத்தை எடுத்து அவர்களுக்கு எதிராகப் பாவித்ததாக ஆகும். தையில் உனக்குப் பிழை செய்தேன். அதே பிழையை இப்போது மற்றப் பக்கத்துக்குச் செய்ய மனமில்லை. மைத்துனர் தனக்கென்று ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம். கிளிநொச்சியில் கேட்காமல் யாழ்ப்பாணத்தில் கேட்கட்டும்.

கல் விஷயத்தை வாசித்தேன். எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குக் கல் வைத்தபோது நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேசனை விரட்டியவன்தான். எஞ்சினியர் வரட்டும் என்று ஒருவன் சொன்னான். அவனைப் பேசினேன். அங்கே மண் நல்ல மண்ணாக இருந்தது. அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

என்ன செய்யவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, என்ன செய்தேன் என்று சொல்லலாம். தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு எழுபத்தொன்பது நாள் கோட்டுக்குப் போய் வந்தேன். வழக்குகளை வென்றேன். இரவுச் சாப்பாட்டில் கமலாசனி எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன். மைத்துனர் சோற்றை அளைந்துவிட்டு எழும்புவதாக நீ முதலில் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இங்கே இருந்து நன்றாக விளங்கிக்கொண்டேன்.

அவருக்கு வாசித்துக் காட்டுவதென்றால் கடைசிப் பந்தியை மட்டும் காட்டு.

அண்ணன்

*

முரசுமோட்டை
19.02.1963

அன்புள்ள அண்ணா,

வழக்கு விளக்கம் 14ஆம் திகதி ஒரே நாளில் முடிந்தது. தீர்ப்பு மார்ச் 28. நானே கோட்டில் இருந்து கேட்டது. நாங்கள் சுகம். இதை வழமைக்காக எழுதவில்லை. முந்தநாள் இவர் இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

வாங்கில் சபூறாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டுத்தான் இருந்தோம். பத்து ஐம்பதுக்கு இவரைக் கூப்பிட்டார்கள். கொம்பனிக்காகக் கொழும்பிலிருந்து வந்த அப்புக்காத்து இளம் ஆள், நல்ல மரியாதையாகக் கேட்டார். கேள்வி இங்கிலீசில், கோட்டு முதலியார் தமிழில் சொன்னார். நான் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டேன்.

"இது உம்முடைய கையெழுத்தா?"

"ஓம், ஐயா."

"நாலு மூலையும் நாலடி என்று எழுதியிருக்கிறீர்?"

"எழுதியிருக்கிறன்."

"அது சரியான அளவுதானே?"

இவர் சாட்சிக் கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூண்டு மூலை சரி" என்றார்.

அப்புக்காத்து முதலியார் பிழையாக மொழிபெயர்த்துவிட்டார் என்று நினைத்து இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். இவர் அதையே சொன்னார். அப்போது நீதவான் பேனாவை வைத்துவிட்டு நேரே கேட்டார்.

"நாலாவது மூலை?"

"இரண்டரை அடி, ஐயா. நான் வரேக்க கல் வைச்சாச்சு. பக்கத்துக் கிடங்குக்குள்ள தடி விட்டு அளந்தன்."

"பிறகு ஏன் நாலு என்று எழுதினீர்?"

"கல்லைக் கிளப்ப என்னால ஏலாமல் போச்சுது. கிளப்பேல்லை எண்டு எழுதவும் ஏலாமல் போச்சுது."

"கிளப்பவேண்டாம் என்று யாராவது தடுத்தார்களா?"

இவர் வாங்குப் பக்கம் திரும்பவில்லை. "முடிவு என்ர முடிவு, ஐயா" என்றார்.

நான் எழும்பியிருக்கவேண்டும். எழும்பவில்லை. கொப்பியில் அந்த வரியை எழுதினேன், அவ்வளவுதான். வெளியே வந்தபிறகு, "ஏன் என்னைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "கையெழுத்து ஆர் வைச்சது எண்டுதானே வழக்கு. நீ எங்க வைச்சனீ?" என்று சொல்லி, பஸ் காசை எண்ணத் தொடங்கிவிட்டார்.

சபூறா வந்து எனக்கு முன்னால் நின்றா. ஏதோ பேசப் போகிறா என்று நினைத்தேன். "பஸ் இனி ரெண்டு மணிக்குத்தான். வீட்ட வாங்கோ, அண்டைக்குக் குடியாத தேத்தண்ணி கிடக்கு" என்றா. போனோம். ஜமால்தீன் சீனிப் போத்தலை இடக் கையால் இவர் பக்கம் தள்ளினார். "ஓவசியர், அந்த மூலைக்கு நாலடியும் காணாது. அந்தக் களிக்கு அஞ்சு வேணும்" என்றார். இவர் "ஓம், அஞ்சு வேணும்" என்றார். பிறகு இருவரும் களிமண்ணைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள்.

நீதவான் அந்த மூலையைத் தோண்டி அளந்து அறிக்கை கொடுக்கும்படி நில அளவையாளர் ஒருவருக்குக் கட்டளையிட்டிருக்கிறார். மார்ச் 18ஆம் திகதி தோண்டுவார்கள். சங்கத் தலைவர் கலண்டரைப் பார்த்துவிட்டு, "அட்டமியில் தோண்டுறாங்களே" என்று சங்கக் கடையில் நின்று புலம்புகிறார். "முந்திப் பாத்த நாள் நல்ல நாள்தானே அண்ணை" என்று யாரோ கேட்டார்களாம். அதிலிருந்து கடைக்கு வருவதில்லை.

நேற்று இவருடைய கந்தோரில் பெரியவர் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று கடிதம் கொடுத்தார். விசாரணை ஏப்ரல் 5. வேலை நிற்குமா என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இவர் காலையில் வழக்கம்போல் எழும்பி, குளித்து, எங்கே போவதென்று தெரியாமல் படலையடியில் நின்றார். பிறகு வயலுக்குப் போனார்.

ஏரம்பு கிளாக்கர் போன வருடம் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களுக்குச் சொல்லாமல் எழுதியது, அவரைப் பேசாதீர்கள். அலுமாரியைப் பற்றி நீங்கள் எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

தங்கை,
நேசமலர்

*

வெள்ளவத்தை
02.03.1963

அன்புள்ள மலர்,

உன் கடிதம் 21ஆம் திகதி கிடைத்தது. பதில் எழுத ஒன்பது நாள் எடுத்துவிட்டது. நாங்கள் சுகம். ஏரம்புவைப் பேசவில்லை. குடையை மட்டும் வேறு இடத்தில் வைக்கச் சொன்னேன்.

மைத்துனரின் சாட்சியத்தை நீ எழுதியபடி கமலாசனிக்கு வாசித்துக் காட்டினேன். "மூண்டு மூலை சரி" என்ற இடத்தில் கடிதத்தை அவவிடம் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை அவவே வாசித்தா. நீ எழும்பாததைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எழும்பவேண்டிய வேளையில் இருந்துவிட்ட இரண்டு பேரில் நீ இரண்டாவது ஆள்.

மார்ச் 28ஆம் திகதி எனக்குக் கொழும்பில் வழக்கு எதுவும் இல்லை. அதற்கு முதல் நாளும் இல்லை. 27ஆம் திகதி காலை ரயிலில் வவுனியாவில் இறங்குவேன். கோட்டில் பின் வாங்கில் இருப்பேன். எந்தப் பக்கத்தாரோடும் பேசமாட்டேன். தீர்ப்பு எப்படி வரும் என்று கேட்காதே. அளவையாளரின் அறிக்கை வந்தாலும், கலவையைப் பற்றிக் கொம்பனியின் ஆள் சொன்னதை நீதவான் எவ்வளவு நம்புவார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஏப்ரல் 5 விசாரணைக்கு மைத்துனருக்குத் துணையாக யாராவது போகலாம் என்று விதி இருந்தால் எனக்கு எழுது. அது வேறு விஷயம், அதற்கு நான் வரலாம்.

ஒரு காரியம் நீ எனக்காகச் செய்யவேண்டும். தீர்ப்பு வாசித்து முடிந்த பிறகு ஜமால்தீன் மேசனாரை அவருடைய வீட்டில் பார்க்கலாமா என்று கேட்டுச் சொல். உன் அண்ணன் பார்க்க விரும்புகிறார் என்று மட்டும் சொல். ஏழாம் பந்தியை எழுதியது யார் என்று நீ சொல்லாதே. அதை நான் போய்ச் சொல்லவேண்டும். வென்றாலும் தோற்றாலும் போவேன். அவர் வரவேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. சபூறா வரவேண்டாம் என்றாலும் அப்படியே.

அவர்களுடைய பதிலை 24ஆம் திகதிக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் போடு.

அண்ணன்,
கதிர்காமநாதன்